வீடு கட்டும் மேஸ்திரி எப்படிப்பட்டவர் என்று எங்கே விசாரிக்கலாம்?

சைட் இன்ஜினியர்:
போன வருஷம் பால் காய்ச்சியவரிடம் கேட்காதீர்கள். பெயின்ட் வாசம் போகாத வீட்டில் எல்லா மேஸ்திரியும் கெட்டிக்காரர்தான். நாலைந்து ஐப்பசி மழை பார்த்த வீடாகத் தேடிப் போய், சீலிங்கையும் சன்ஷேடின் அடியையும் அண்ணாந்து பாருங்கள். கம்பி ஓடும் வாக்கிலேயே விரிசலும் துருக்கறையும் இருந்தால், கவர் இல்லாமல், அதாவது கம்பியை மூடும் அளவு கனம் விடாமல், கான்கிரீட் போட்டிருக்கிறார். கம்பியைப் பலகையிலிருந்து தள்ளி நிறுத்த, ஸ்லாபுக்கு (தளத்துக்கு) 20 மி.மீ., தூணுக்கு 40 மி.மீ. கவர் பிளாக் வேண்டும். அதற்குப் பதில் கைக்குக் கிடைத்த ஜல்லியைச் செருகினால், கொட்டும்போது நழுவிக் கம்பி பலகையில் உட்கார்ந்துவிடும்.

அடுத்தது தண்ணீர். எம்20 என்ற தரத்துக் கான்கிரீட் கலவையில், 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 30 லிட்டர்தான் ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் தர விதி சொல்லும் உச்சவரம்பு. மணல் ஈரமென்றால் அதிலும் குறைக்க வேண்டும். ஹோஸை மிக்சருக்குள்ளேயே விட்டுவிட்டால் கலவை இளகி ஆட்களுக்கு இழுத்துவிடச் சுலபம். ஆனால் உபரித் தண்ணீர் காய்ந்த பிறகு கான்கிரீட்டுக்குள் மிஞ்சுவது நுண்துளைகள், மாடி ஒழுக அதுவும் ஒரு காரணம். பக்கெட்டில் அளந்து ஊற்றச் சொன்னால் முகம் சுளிக்கிறாரா பாருங்கள். சுளித்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கம்பி கட்டுறவர்:
சன்ஷேட், பால்கனி ரெண்டுக்கும் மெயின் கம்பி மேல்பக்கம். சட்டி தூக்குறவங்க மிதிச்சு மிதிச்சே அதைக் கீழ இறக்கிடுவாங்க. அப்புறம் கீழ தாங்குற முட்டைப் பிரிச்சதும் சுவரோட சேர்ற இடத்துல விரிசல் விழும். மேல் கம்பியைத் தூக்கிப் பிடிக்கிற சேர் கம்பி வெச்சு, நடக்கப் பலகையும் போட்ட பிறகு மெஷினை ஓட்டச் சொல்ற மேஸ்திரியை விட்டுடாதீங்க.

சென்ட்ரிங் வாடகைக் கடை:
எங்களையும் கேளுங்க, வாடகைக்குப் போன முட்டு என்னைக்குத் திரும்புச்சுன்னு நோட்டுல இருக்கும். ஓ.பி.சி.ங்கிற சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்னா, 4.5 மீட்டர் அகலம் வரைக்கும் உள்ள ஸ்லாபுக்கு 7 நாளாவது முட்டு நிக்கணும், அதுக்கு மேல 14. பீம் 6 மீட்டர் வரைக்கும் 14, தாண்டினா 21. சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட்டுக்கு இன்னும் கூட்டணும். வாடகையை மிச்சம் பண்ண முன்னாடியே பிரிக்கச் சொல்ற ஓனர்கிட்ட 'முடியாது'ன்னு நிக்கிற மேஸ்திரிங்க குறைச்சல். அப்படி நிக்கிறவங்களுக்கு நாங்க சென்ட்ரிங் தகடு கடனுக்கே இறக்குவோம்.

கொத்தனார்:
கியூரிங், அதாவது கான்கிரீட்டைத் தண்ணி விட்டு ஈரமா வைக்கிறது, பெரும்பாலும் ஓனர் பொறுப்பு, ஆனா விரிசல் விட்டா பழி மேஸ்திரிக்கு. ஓ.பி.சி.க்கு 7 நாள், பி.பி.சி.க்கு 10 நாளாவது ஈரம் காயக் கூடாது. விவரமானவங்க மாடியில பாத்தி கட்டித் தண்ணி நிறுத்திட்டு, கான்கிரீட் போட்ட தேதியைச் சுவத்துல எழுதிட்டுத்தான் கிளம்புவாங்க.