புதுப்பிப்பு: தங்கையின் பிறப்புச் சான்றிதழ், கண்டியிலேயே முடிந்தது

கட்டாருக்கு வேலைக்குப் போகிற தங்கையின் பிறப்புச் சான்றிதழை அத்தாட்சிப்படுத்த கொழும்புக்குத்தான் போகணுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். தேவையில்லை. கண்டியில் உள்ள, வெளிவிவகார அமைச்சின் பிராந்திய கொன்சியூலர் அலுவலகத்திலேயே செய்துகொண்டோம்.

ஆனால் முதல் தடவை திரும்பி வந்தோம். அட்டனில் விடியக்காலை பஸ் ஏறி, நாவலப்பிட்டி, கம்பளை என்று ஆடி ஆடிப் போய்ச் சேர்ந்தால், அம்மா இத்தனை வருசம் பெட்டிக்குள் பத்திரப்படுத்திய சான்றிதழ் லெமினேட் செய்தது. ஏற்கவில்லை. அம்மாவுக்குத் தோட்டத்தில் ஒரு நாள் பேர் (நாள் சம்பளம்) போச்சு. பிறகு பிரதேச செயலகத்தில் புதுப் பிரதி எடுத்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கி, இரண்டையும் கொண்டுபோனோம்.

ஒன்றை மறக்காதீங்க. அங்கே பார்ப்பது கையொப்பமும் முத்திரையும் உண்மையானதா என்று மட்டும்தான். உள்ளே இருக்கிற பெயர்ப் பிழையை அவர்கள் திருத்த மாட்டார்கள். பிறப்புப் பதிவில் அப்பா பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி என்று நம் தோட்டங்களில் எத்தனை வீடு! தயவுசெய்து அதை முதலில் பதிவாளரிடம் திருத்திக்கொள்ளுங்கள்.

இனி கட்டார் தூதரகத்தின் அத்தாட்சி; அதற்கு மட்டும் கொழும்புக்குப் போகணும். வியாழக்கிழமை போகிறோம்.