தீர்ப்புக்குப் பிறகு கிடைத்த ஆஸ்பத்திரிச் சீட்டு: கேஸை மறுபடி நடத்தச் சொல்லலாமா?

நாகலூர் தங்கை:
ஏற்காடு நாகலூரிலிருந்து எழுதுகிறேன். அடிதடி வழக்கில் சேலம் செஷன்ஸ் கோர்ட் என் அண்ணனுக்கு 7 வருடம் கொடுத்துவிட்டது, மத்திய சிறையில் இருக்கிறார், சென்னை ஹைகோர்ட்டில் அப்பீல் நிலுவையில் இருக்கிறது. சம்பவம் நடந்ததாகச் சொல்லும் ராத்திரி அவர் அம்மாவைக் கீழே கொண்டுவந்து சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் கூடவே இருந்தார். வக்கீலிடம் சொன்னோம், அவர் ஆஸ்பத்திரிக்கு சம்மன் கேட்கவே இல்லை. போன வாரம் ரேஷன் கார்டு உறைக்குள் நாலாக மடித்த அட்மிஷன் சீட்டு கிடைத்தது. அம்மா பேர், தேதி, இரவு 9.40, எல்லாம் நீல மையில். அம்மா இப்போது இல்லை. இதை வைத்துப் புது விசாரணை கேட்கலாமா?

சேலம் குமாஸ்தா:
கண்ணு, தண்டனை கொடுத்த கோர்ட்டுக்குத் திரும்பப் போகாதீங்க, கையெழுத்தான தீர்ப்பில் எழுத்துப்பிழை, கணக்குப்பிழை தவிர அவர்களால் எதையும் மாற்ற முடியாது. அப்பீலிலேயே கூடுதல் சாட்சியம் எடுக்கச் சொல்லி மனு போடுங்க; பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 391, இப்போது அதற்குப் பதில் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 432. ஹைகோர்ட் தானே எடுக்கலாம், இல்லையென்றால் சேலம் கோர்ட்டைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லலாம். முழு மறுவிசாரணைக்கும் அதிகாரம் உண்டு, ஆனால் அபூர்வம்.
ஒன்று யோசிங்க, சீட்டில் இருப்பது அம்மா பேர். அண்ணன் அங்கே இருந்தார் என்று அது சொல்லாது. ஆபரேஷன் நடந்ததா? அப்படியென்றால் ஆஸ்பத்திரியில் இருக்கும் சிகிச்சைக் குறிப்பு, அதாவது கேஸ் ஷீட்டில் சம்மதக் கையெழுத்து, பக்கத்தில் நேரம் இருக்கும். அதுதான் உயிர்.

நாகலூர் தங்கை:
ஆமாங்கண்ணா, ராத்திரியே ஆபரேஷன். அண்ணன்தான் கையெழுத்துப் போட்டார்!

மேட்டூர்க்காரன்:
எங்க மாமா வழக்கில் நீதிபதி கேட்ட முதல் கேள்வியே "இத்தனை நாள் இது எங்கே இருந்தது?" என்பதுதான். சீட்டை யார், என்றைக்கு, எங்கே எடுத்தார்கள், முன்பு ஏன் தாக்கல் செய்யவில்லை என்று நடந்ததை நடந்தபடி அஃபிடவிட்டில் (சத்தியம் செய்து தரும் வாக்குமூலத்தில்) எழுதுங்க. சீட்டை லேமினேட் செய்துவிடாதீங்க, ஒரிஜினல் அப்படியே இருக்கட்டும். சிறையில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, சட்ட உதவி எண் 15100க்குப் போன் போடுங்க.
அப்புறம், உள்நோயாளி ஆவணத்தை 3 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் டாக்டர்களுக்கு உள்ள விதி. அதைத் தாண்டினால் அழித்துவிடலாம். அந்த ராத்திரிக்கு அப்புறம் எவ்வளவு நாளாச்சு?

நாகலூர் தங்கை:
2 வருடம் 8 மாதம். நாளைக்கு முதல் பஸ்ஸிலேயே கீழே வருகிறேன்.