ட்ரம்பெட்டும் கீபோர்டும் சேரவே இல்லை: திருவிழாவுக்கு எந்த நோட்ஸ் எடுப்பது?

தேவகோட்டை டீச்சர்:

வணக்கம். தேவகோட்டைப் பக்கம் ஒரு பங்கில் பாடகற்குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். செப்டம்பர் 8 மாதா பிறப்பு விழா வருகிறது. இந்த வருஷம் பாடகற்குழுவும் ஊர்ப் பிள்ளைகளின் பேண்டும் சேர்ந்து திருப்பலியில் வாசிக்கணும், ராத்திரி தேர்பவனிக்கும் அதே பேண்டுதான் என்று முடிவாகிவிட்டது.

பேண்டில் ட்ரம்பெட் 3, கிளாரினெட் 2, ஆல்ட்டோ சாக்ஸ், ட்ராம்போன், யூஃபோனியம் ஒவ்வொன்று, அப்புறம் டிரம்ஸ். எல்லாம் பள்ளிக்கூட பேண்டில் கற்றுக்கொண்ட பிள்ளைகள், நோட்ஸ் பார்த்து வாசிப்பார்கள். பாடகற்குழுவில் பெண்கள் 12 பேர், ஆண்கள் 4 பேர். ஒரு கீபோர்டு, ஒரு கிதார்.

கீபோர்டுக்கு வைத்திருக்கும் நாலு குரல் பாட்டுப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து எல்லாருக்கும் கொடுத்தோம். ட்ராம்போன் கீபோர்டோடு அழகாகச் சேருகிறது. ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் தங்களுக்குள் சேருகின்றன, கீபோர்டோடு சேரவில்லை. சாக்ஸ் யாரோடும் சேரவில்லை. முதல் ட்ரம்பெட் பையன் சுருதி திருத்துகிற குழாயை, அதான் ட்யூனிங் ஸ்லைடைக் கடைசிவரை உள்ளே தள்ளிப் பார்த்துவிட்டான், அப்பவும் கீழேதான் நிற்கிறது. உனக்குச் சுருதி ஞானமே இல்லை என்று ஆளாளுக்குச் சொல்லப்போய், நேற்று அவன் ஒத்திகைக்கே வரவில்லை.

இன்னொன்றும் கேட்கணும். வெளிநாட்டில் இருக்கிற உறவினர் ஒருவர் பிராஸ் பேண்ட் செட் ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறார். பிரித்தால் இருபதுக்கு மேல் தனித்தனித் தாள். ட்ராம்போனுக்குக்கூட மேல் ஸ்வரங்களுக்கான ட்ரெபிள் கிளெஃப் குறி போட்டிருக்கிறது, கிளாரினெட்டுக்குத் தாளே இல்லை. இதை வைத்து ஏதாவது செய்யலாமா, புதிதாக வாங்கணுமா? வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது?

மானாமதுரை கிதார்:

கீபோர்டில் சுருதி மாற்றுகிற ட்ரான்ஸ்போஸ் பட்டனை மைனஸ் 2 வைத்துப் பாருங்க டீச்சர். ட்ரம்பெட் சேர்ந்துடும்.

பழைய பேண்ட் மாஸ்டர், காரைக்குடி:

டீச்சர், முதலில் அந்தப் பையன் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கூட்டிவரச் சொல்லுங்கள். அவன் சுருதியில் ஒரு குறையும் இல்லை. அவன் முன்னால் வைத்த தாள் அவனுடைய வாத்தியத்துக்கு எழுதியதில்லை, அவ்வளவுதான்.

ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் பி ஃப்ளாட் வாத்தியங்கள். தாளில் சி பார்த்து ஊதினால் வெளியே வருவது பி ஃப்ளாட். ஸ எந்த உயரத்தில் நிற்கிறது என்று சொல்கிற நம்ம கட்டைக் கணக்கில் சொன்னால், கீபோர்டு 1 கட்டையில் ஸ வைக்கிறது, அதே தாளைப் பார்த்து ட்ரம்பெட் 6½ கட்டையில் ஸ வைக்கிறது. ஒரு முழு ஸ்வரம் கீழே. ஆல்ட்டோ சாக்ஸ் இ ஃப்ளாட் வாத்தியம், அதன் சி நமக்கு 2½ கட்டை. ட்ராம்போன் கீழ் ஸ்வரங்களுக்கான பாஸ் கிளெஃபில் படிக்கும்போது எழுதினது எழுதினபடி ஒலிக்கும், அதனால்தான் அது மட்டும் கீபோர்டோடு ஒட்டியது. ட்யூனிங் ஸ்லைடு நூலளவு திருத்தத்துக்கு. முழு ஸ்வரத்தை அதால் தூக்க முடியாது.

தம்பி சொன்ன மைனஸ் 2 வைத்தால் ட்ரம்பெட் சேரும், ட்ராம்போன் கழன்றுவிடும், சாக்ஸ் அப்பவும் தனியாகத்தான் நிற்கும். பாட்டும் ஒரு ஸ்வரம் இறங்கிப்போகும். ஆல்ட்டோ, அதாவது கீழ்க்குரல் பாடுகிற பெண்களுக்கு அடியில் சத்தமே எழும்பாது.

கிளாரினெட், ட்ரம்பெட்டுக்கு ஒரு முழு ஸ்வரம் ஏற்றியும், ஆல்ட்டோ சாக்ஸுக்கு அரை அரை ஸ்வரமாக ஒன்பது படி ஏற்றியும் தாள் எழுதணும். கையால் எழுதத் தேவையில்லை. மியூஸ்ஸ்கோர் என்ற மென்பொருள் இலவசம். நாலு குரலையும் ஒருமுறை அடித்து, எந்த வரிக்கு எந்த வாத்தியம் என்று சொல்லிவிட்டால் அதுவே மாற்றிக் கொடுக்கும். அச்செடுக்கும் முன், எல்லாத் தாளையும் கீபோர்டு சுருதியிலேயே காட்டுகிற கான்சர்ட் பிட்ச் பட்டன் அணைந்திருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். அது எரிந்துகொண்டிருந்தால் திரும்பவும் பழைய கதைதான். யூஃபோனியம் பையனிடம் எந்த கிளெஃப் படிப்பான் என்று கேளுங்கள். ட்ரம்பெட்டில் ஆரம்பித்து யூஃபோனியத்துக்கு மாறினவன் என்றால் ட்ரெபிள் கிளெஃபில் பி ஃப்ளாட் தாள்தான் வேண்டும்.

அடுத்து சுருதி. நோட்ஸ் எடுக்கும்போது தலைப்பைப் பார்க்கும் முன்னால் கீ சிக்னேச்சரை, அதாவது வரியின் தொடக்கத்தில் இருக்கிற ஷார்ப், ஃப்ளாட் குறிகளைப் பாருங்கள். கிதார்க்காரர்களுக்கு 3 கட்டை, 6 கட்டை சௌகரியம். 3 கட்டையில் வைத்தால் ட்ரம்பெட் தாளில் ஆறு ஷார்ப் வரும், சாக்ஸுக்கு ஏழு. பிள்ளைகள் தாளோடு மல்லுக்கட்டுவார்கள், பாட்டு எங்கே கேட்கும்? 2½, 4, 6½ கட்டைகளில் அமைந்த பாட்டாக எடுங்கள். 2½ கட்டையில் ட்ரம்பெட்டுக்கு ஒரே ஃப்ளாட், சாக்ஸுக்கு ஒன்றுமே இல்லை. 4 கட்டையில் ட்ரம்பெட்டுக்கு ஒரு ஷார்ப், சாக்ஸுக்கு இரண்டு. கிதார்த் தம்பி முதல் ஃப்ரெட்டில் கம்பிகளை அழுத்துகிற கேப்போ கிளிப்பை மாட்டி டி உருவம் பிடித்தால் 2½ கட்டை, இ உருவம் பிடித்தால் 4 கட்டை, ஏ உருவம் பிடித்தால் 6½ கட்டை. அவருக்கும் சிரமமில்லை.

உயரத்தையும் பாருங்கள். இரண்டு மூன்று வருஷம் ஊதின பையனுக்கு, ஸ்டேவ் என்கிற ஐந்து கோட்டுக்குக் கீழே தனிக்கோடு போட்ட சி முதல் நாலாவது கோட்டில் இருக்கிற டி வரை நிம்மதி. அதற்கு மேல் ஓரிரு ஸ்வரம் தொட்டுவிட்டு இறங்கினால் பரவாயில்லை, அங்கேயே குடியிருக்கிற பாட்டு வேண்டாம். பாட்டுப் புத்தகத்தில் ஓய்வுக் குறியே இருக்காது, பாடுகிறவர்கள் மூச்சு விட்டால் போதும். ஊதுகிறவனுக்கு உதட்டில் ரத்தம் திரும்ப ஓடணும். ஐந்து சரணத்தையும் தொடர்ந்து ஊதவைத்தால் நாலாவது சரணத்தில் முதல் ட்ரம்பெட் உடைந்துவிடும். முன்னிசை, நடுவில் ஒரு சரணம், கடைசிச் சரணம், இவ்வளவு போதும். மற்ற சரணங்களுக்கு யூஃபோனியம் மட்டும் மெதுவாகக் கீழ்க்குரலைத் தாங்கட்டும்.

நடுமுற்றம் வைத்த வளவு வீட்டில் ஒத்திகை பார்க்கிறீர்கள் என்றால் ஒரு வார்த்தை. நாலு பக்கத் தாழ்வாரமும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும், ட்ரம்பெட் இரண்டு மடங்காகக் கேட்கும். பேண்டுக்கும் பாட்டுக்கும் அளவு சரியா என்பதைக் கோயிலுக்குள் வைத்துத்தான் தீர்மானிக்கணும். வெயிலில் கிடந்த வாத்தியத்தின் சுருதி ஏறும், கீபோர்டு நகராது. அதனால் ஊதிச் சூடான பிறகு ட்யூன் பண்ணுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி, கோலாலம்பூர்:

அந்த செட் பற்றி நான் சொல்கிறேன். இங்கே ஒரு பேண்டில் யூஃபோனியம் வாசிக்கிறேன், அந்த மாதிரித் தாள்கள் தினமும் கையில் புழங்குபவை.

அது பிரிட்டிஷ் முறை பிராஸ் பேண்டுக்கு எழுதியது. அந்த பேண்டில் ஊதுகிறவர்கள் 25 பேர், தாளவாத்தியம் தனி. கிளாரினெட், சாக்ஸ், ட்ரம்பெட் எதுவும் கிடையாது. மேலே கார்னெட், நடுவில் டெனர் ஹார்ன், பாரிட்டோன், கீழே டியூபா. பாஸ் ட்ராம்போன் தவிர மற்ற எல்லாருக்கும் ட்ரெபிள் கிளெஃப்தான். ஒரு வாத்தியத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆள் மாறினாலும் அதே எழுத்துக்கு அதே விரல் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

தாள் வீண் இல்லை டீச்சர். பி ஃப்ளாட் கார்னெட் தாளை ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் அப்படியே வாசிக்கலாம். டெனர் ஹார்ன் தாள் இ ஃப்ளாட், அதை உங்கள் ஆல்ட்டோ சாக்ஸ் பையனிடம் கொடுங்கள், ஒரு எழுத்து மாற்றவேண்டாம். ட்ராம்போன் பையனுக்குப் பழகிய பாஸ் கிளெஃப் வேண்டுமென்றால் பாஸ் ட்ராம்போன் தாள் இருக்கும், ஆனால் அது கொஞ்சம் கீழே போகும்.

ஆனாலும் விழாவுக்கு அதை நம்பாதீர்கள். 25 பேருக்குப் பிரித்துக் கொடுத்த இசையை எட்டுப் பேர் வாசித்தால் நடுவில் ஓட்டை விழும். மெட்டு திடீரென்று பாரிட்டோனுக்குப் போகும், உங்களிடம் பாரிட்டோன் இல்லை, அந்த எட்டு பார் (தாளக் கட்டம்) வெறும் துணைச்சத்தமாகக் கேட்கும். அதில் பாமாலை மாதிரி நேராகப் போகும் பகுதிகள் இருந்தால் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வாங்குவதென்றால் ஃப்ளெக்ஸ் பேண்ட் என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். நாலு அல்லது ஐந்து பாகம்தான் இருக்கும், ஒவ்வொரு பாகத்துக்கும் பி ஃப்ளாட், இ ஃப்ளாட், பாஸ் கிளெஃப் என்று எல்லாத் தாளும் உள்ளேயே வரும். எந்த வாத்தியம் எத்தனை பேர் வந்தாலும் நாலு குரலும் நிறையும். கடின அளவில் கிரேடு 1, 2 போதும். முழு ஸ்கோரின் முதல் பக்கத்தையாவது பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

எட்டுப் பேர் குறைவு என்று நினைக்கவேண்டாம். இரட்சணிய சேனையின் (சால்வேஷன் ஆர்மி) பேண்டு மரபே 1878இல் இங்கிலாந்தில் சாலிஸ்பரி ஊரில் ஒரு அப்பாவும் அவருடைய மூன்று பிள்ளைகளும் ஊதியதில்தான் தொடங்கியது. நாலு குரலுக்கு நாலு பேர்.

திருச்சி பாடகி:

பாடகற்குழு பற்றி யாரும் சொல்லவில்லையே. டீச்சர், நாலு ஆண்களை மேல்குரலான டெனர் இருவர், கீழ்க்குரலான பாஸ் இருவர் என்று பிரிக்காதீர்கள். பேண்டுக்கு எதிரில் இரண்டிரண்டு பேர் கேட்கவே மாட்டார்கள், பயத்தில் மெட்டுக்கே ஓடிவந்துவிடுவார்கள். பெண்களின் மேல்குரலான சாப்ரானோ, ஆல்ட்டோ, ஆண்களுக்கு ஒரே பாகம் என்று மூன்று குரலில் எழுதிய நோட்ஸ் கிடைக்கும், அதை எடுங்கள். பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய பாடல்களுக்கு 1998இலிருந்து நடக்கும் கோரல் பப்ளிக் டொமைன் லைப்ரரி என்ற இணையதளம் இருக்கிறது. அங்கே எத்தனை குரல் என்பதை வைத்தே தேடலாம்.

மேல்நாட்டு மெட்டுக்குத் தமிழ் வரி போடுகிறீர்கள் என்றால் பாட்டுக்கு மேலே 8.7.8.7 என்ற மாதிரி எண் இருக்கும். ஒவ்வொரு அடிக்கும் எத்தனை அசை (சிலபிள்) என்ற கணக்கு அது. எண்ணிக்கை பொருந்தினால் மட்டும் போதாது. மெட்டு எங்கே நீளுகிறதோ அங்கே நெடில் விழணும். ‘மரியே’ என்பதில் ‘ம’வை இரண்டு தட்டு இழுத்தால் கேட்கிறவர்களுக்கு வேறு வார்த்தையாகிவிடும். வாங்குவதற்கு முன்னால் நோட்ஸைப் பார்த்துத் தமிழ் வரியை ஒருமுறை வாய்விட்டுப் பாடிவிடுங்கள்.

கல்யாண பேண்ட், கண்டனூர்:

அக்கா, தேர்பவனிக்கு நான் சொல்றேன். மாப்பிள்ளை அழைப்புக்கு ஊதி ஊதி இந்தத் தெருவெல்லாம் எனக்கு அத்துபடி.

மார்ச் என்று போட்டிருக்கிறதையெல்லாம் எடுக்காதீங்க. அது பட்டாளம் நடக்கிற வேகம், நிமிஷத்துக்கு 120 அடி. தேர் அதில் பாதிதான் போகும், அதுவும் நின்னு நின்னு போகும். எட்டு பாருக்கு ஒரு இடத்தில் முழுசா முடியிற மாதிரி மெட்டு எடுத்தால் எங்கே நிறுத்தினாலும் நல்லா இருக்கும். நம்ம ஊர்த் தெருவில் ரெண்டு பக்கமும் வீட்டுச் சுவர் உயரம், சத்தம் மோதித் திரும்பும். பாஸ் டிரம்மைக் கடைசியில் விட்டால் முன்னாடி போற ட்ரம்பெட்டுக்குத் தட்டு தாமதமாகக் கேட்கும். நடுவில் நடக்கவிடுங்க.

தாள் ஏ4 வேண்டாம், பாதி அளவுக்குச் சுருக்கி அட்டையில் ஒட்டி, கண்ணாடிக் காகித உறை போட்டு வாத்தியத்தில் மாட்டுற கிளிப்பில் வையுங்க. பின்பக்கம் திருப்புற மாதிரி எதுவும் இருக்கக்கூடாது. கைவிளக்கு வெளிச்சத்தில் படிக்கிறதுக்கு எழுத்து கறுப்பா, பெரிசா இருக்கணும். ஒரு அட்டைக்கு ஒரே பாட்டு.

காரைக்குடி ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பிள்ளைகளுக்கு நோட்ஸ் படிக்கப் பழக்க முத்துசுவாமி தீட்சிதர் செய்த நோட்டுஸ்வரங்கள் ரொம்ப நல்லது. வெள்ளைக்காரன் பேண்டு மெட்டுகளைக் கேட்டு சங்கராபரணத்தில் செய்தது, ஸ்வரத்தை அசைக்கிற கமகம் இல்லை, வால்வு வாத்தியத்துக்கு அப்படியே உட்காரும். என் வாத்தியார் எனக்கு அதில்தான் விரல் வைத்தார்.

தேவகோட்டை டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. பையன் வந்துவிட்டான். ஒரு பாட்டை 2½ கட்டையில் மியூஸ்ஸ்கோரில் அடித்துக் கொடுத்தோம். முதல் வரி முடிந்ததும் கீபோர்டு வாசிக்கிற அக்கா கையை எடுத்துவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தார். எல்லாருக்கும் கேட்க, தாள்தான் தப்பு, அவன் சரி என்று நான் சொன்னேன். யூஃபோனியம் ட்ரெபிள் கிளெஃப்தானாம், மாஸ்டர் ஐயா சொன்னபடியே. சாக்ஸுக்கு டெனர் ஹார்ன் தாள் கொடுத்தோம் ஆச்சி, பொருந்துகிறது.

ஃப்ளெக்ஸ் செட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஒரு பிரதி வாங்கி, பாடகற்குழுப் பக்கங்களைப் பதினாறு பேருக்கும் ஜெராக்ஸ் எடுக்கலாமா?

பள்ளத்தூர் ஆச்சி, கோலாலம்பூர்:

பேண்டுத் தாள்கள் செட்டிலேயே போதுமான அளவு வரும், குறைந்தால் கூடுதல் பிரதிக்கு அனுமதி உண்டா என்று முதல் பக்கத்தில் போட்டிருப்பார்கள். பாடகற்குழுப் பிரதிகளைப் பெரும்பாலும் தலைக்கு ஒன்றாக விற்பார்கள், 16 வாங்குங்கள்.

இந்தியச் சட்டத்தில் இசையமைத்தவர் இறந்து 60 வருஷம் வரை உரிமை இருக்கிறது. மெட்டு இருநூறு வருஷம் பழையதாக இருந்தாலும், போன வருஷம் ஒருத்தர் பேண்டுக்கு அமைத்தது அவருடையது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வழிபாட்டுச் சடங்கில் வாசிப்பதற்கு விலக்குத் தருகிறது, கல்யாண ஊர்வலமும் அதில் அடங்கும். அந்த விலக்கு வாசிப்பதற்குத்தான், ஜெராக்ஸுக்கு இல்லை. எட்டுப் பேர் பேண்டுக்கும் எழுதித் தருகிறவர்கள் சிலர்தான் இருக்கிறார்கள், அவர்களுக்குப் போகவேண்டியது போகட்டும். பணம் பற்றாது என்றால் உரிமைக்காலம் முடிந்த மெட்டை எடுத்து, நீங்களே மியூஸ்ஸ்கோரில் நாலு குரல் எழுதுங்கள். அதை எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம்.

பழைய பேண்ட் மாஸ்டர், காரைக்குடி:

எழுதினால் எனக்கு அனுப்புங்கள் டீச்சர், மூன்றாவது ட்ரம்பெட்டுக்கு என்ன கொடுத்திருக்கிறீர்கள் என்று பார்க்கிறேன். எல்லாரும் அந்தப் பிள்ளைக்கு ஒரே ஸ்வரத்தைப் பக்கம் முழுக்கக் கொடுத்துவிடுவார்கள். அவனுக்கும் ஒரு நாலு பார் மெட்டு வரணும்.