குடிபோகும் முன் வீட்டைச் சோதித்த அனுபவம் யாருக்காவது உண்டா?

காந்திநகர் பாட்டி:
மக நியூசிலாந்துல நர்ஸ், வேலூர் சி.எம்.சி.யில படிச்சவ. பேத்திக்காக 2017 கடைசியில போய் ஆறு மாசம் இருந்தேன். வீடு விலை பேசி முடிச்சு முன்பணம் கட்டறதுதான் பாக்கி. அன்னிக்கு ஒருத்தர் கையுறை போட்டுக்கிட்டு வந்தார். பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரம் வெட்டின அட்டையைச் சுவத்துல வச்சு, அந்தச் சதுரத்துக்குள்ள மட்டும் ஈரப் பஞ்சால தேய்ச்சு, பஞ்சைக் குப்பியில போட்டு மூடினார். எதுக்குன்னு கேட்டேன். முன்னாடி குடியிருந்தவங்க மெத்ங்கற போதைப்பொருளைப் புகைச்சிருந்தா சுவத்துல படிஞ்சிருக்கும், பார்த்தா தெரியாதுன்னு மக சொன்னா. அவ சொல்லி வாய் மூடல, பேத்தி ஜன்னல் கட்டையைப் பிடிச்சு எழுந்து நின்னு அதை நக்கிக்கிட்டிருக்கா. ஓடிப்போய் வாரித் தூக்கினேன். படுக்கையறையில 4 மைக்ரோகிராம்னு வந்துச்சு. அப்போ அங்க வரம்பு 1.5. வீடு வேண்டாம்னு விட்டுட்டாங்க. அந்தக் கட்டையில எச்சில் மினுமினுன்னு இருந்தது இன்னும் என் கண்ணை விட்டுப் போகல. இப்போ காட்பாடியில பையனுக்கு வாடகை வீடு பார்க்கறோம். இங்க இதெல்லாம் யாராவது சோதிக்கறாங்களா?

குடியாத்தம் பெயிண்டர்:
அம்மா, அந்த 4-க்காக வீட்டை விட்டது தேவையே இல்லை. நான் ஆக்லாந்துல பெயிண்ட் வேலை பார்த்தவன். 2018 மே மாசம் அந்த நாட்டுப் பிரதமரோட அறிவியல் ஆலோசகர் பீட்டர் குளுக்மன் அறிக்கை கொடுத்தார். புகைச்சதால படிஞ்ச மிச்சத்தைத் தொட்டு யாருக்கும் உடம்பு கெட்டதா ஆதாரமே இல்லைன்னு அதுல இருக்கு. சதுரத்துக்கு 15 வரைக்கும் பயப்பட வேண்டாம்னும் சொன்னாங்க. மெத் காய்ச்சித் தயாரிச்ச வீடு வேற, புகைச்ச வீடு வேற. காய்ச்சின வீட்டுல கரைப்பான், அமிலம்னு நாலு விஷம் இருக்கும். அந்த வீட்டைச் சுத்தம் பண்ண வச்ச அளவை எல்லா வீட்டுக்கும் மாட்டி விட்டாங்க.

எனக்கு மனசுல நிக்கறது வேற. அரசாங்க வாடகை வீடு ஒண்ணுல சுவர்ப் பலகையெல்லாம் பேர்த்துப் போட எங்களைக் கூப்பிட்டாங்க. அங்க இருந்த கிழவி வாசல்ல நிக்கறாங்க, படுக்கையும் தொட்டிலும் குப்பை வண்டியில ஏறுது. "தொட்டிலையாவது கழுவித் தாங்கப்பா"ன்னு என்கிட்டதான் கேட்டாங்க. கொடுக்கக் கூடாதுன்னு உத்தரவு. பின்னாடி அந்த அரசாங்க வீட்டு வாரியமே மன்னிப்புக் கேட்டு, வெளியேத்தினவங்களுக்கு நஷ்டஈடு கொடுத்துச்சு. அந்தக் கிழவிக்குக் கிடைச்சுதான்னு தெரியல.

விருதம்பட்டு மேல்மாடி:
ஆதாரம் இல்லைன்னு நீங்க சொல்றது சுவத்துக்கு. என் கதை பரண்ல. மேல் போர்ஷனைக் காலேஜ் பசங்க நாலு பேருக்கு விட்டிருந்தோம். அட்வான்ஸ், வாடகை எதுலயும் குறை இல்லை. காலி பண்ணின மறுநாள் சுத்தம் பண்ணப் போனேன். பரண்ல பழைய பேப்பர் கட்டுக்குப் பின்னாடி கையை விட்டுத் துழாவினேன். சுருக்குன்னு குத்திச்சு. முள்ளுன்னு நினைச்சு வெளியே எடுத்தா ஊசி, சிரிஞ்சோட. உள்ளே ஒரு சொட்டு கறுத்த ரத்தம். பக்கத்துல வலி மாத்திரை அட்டை பத்துப் பன்னெண்டு, எல்லாம் காலி. தண்ணியில கரைச்சு நரம்புல ஏத்தியிருக்காங்க.

குழாயில சோப்புப் போட்டுக் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எச்.ஐ.வி. வராம இருக்க மாத்திரையை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாகணும்னு டாக்டர் சொன்னார். 28 நாள் முழுங்கினேன். மஞ்சக்காமாலைக்கும் தடுப்பூசி போட்டாங்க. அப்புறம் மறுபடி ரத்தம் எடுத்து ஒண்ணுமில்லைன்னு சொல்ற வரைக்கும் என் பையனுக்கு ஒரு வாய் ஊட்டி விடல. அப்படியெல்லாம் பரவாதுன்னு டாக்டர் சொல்லியும் மனசு கேக்கல.

வாலாஜா ரவி:
போதை போதைன்னு பேசறீங்க. நம்ம பக்கம் வீடு பார்க்கறவங்க முதல்ல சோதிக்க வேண்டியது தண்ணி. ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் வாடகை கம்மின்னு ஒரு வீடு பார்த்தேன். வெள்ளை மக்குல போர் தண்ணி பிடிச்சா எலுமிச்சை நிறம். "குளிக்கத்தான் சார்"னு வீட்டுக்காரர் சொன்னார். அவ்வளவுதான் என் கதை, திரும்பி வந்துட்டேன்.

ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. மஞ்சள்னா குரோமியம்ங்கற உலோகம் கலந்திருக்கலாம். அங்க மூடின குரோமேட் ஆலையோட கழிவே ஒரு லட்சம் டன்னுக்கு மேல குவிஞ்சு கிடந்துச்சு. தோல் பதனிடற ஆலைக் கழிவுக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல 1996 ஆகஸ்ட் 28-ல் கெடுத்தவனே செலவை ஏத்துக்கணும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. குடிதண்ணியில குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தண்ணியில கரைஞ்ச உப்பு மொத்தம் எவ்வளவுன்னு பார்க்கக் கையில வச்சிருக்கற டி.டி.எஸ். மீட்டர் குரோமியத்தைத் தனியாக் காட்டாது. காய்ச்சினாலும் போகாது, தண்ணி சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும். குடிநீர் வடிகால் வாரியத்தோட ஆய்வகத்துல கட்டணம் கட்டினா சோதிச்சுத் தருவாங்க. கொண்டுபோறதுக்கு முன்னாடி குரோமியமும் பார்க்கணும்னு சொல்லி, எந்த பாட்டில்ல எடுக்கணும்னு கேட்டுக்கங்க. இல்லைன்னா உப்பும் கடினமும் மட்டும் பார்த்து அனுப்பிடுவாங்க. மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டுப் பிடிங்க. தொட்டித் தண்ணியைப் பிடிக்காதீங்க. வீட்டு ஓனர்களும் கவனிக்கணும். போதைப்பொருள் சட்டம் 25-ம் பிரிவுல, தெரிஞ்சே இடம் கொடுத்தா ஓனருக்கும் தண்டனை உண்டு. ஆதார் நகல் வாங்கி ஸ்டேஷன்ல கொடுத்துடுங்க.

விருதம்பட்டு மேல்மாடி:
ரவி அண்ணா, நாலு பேர் ஆதாரும் வாங்கி ஸ்டேஷன்ல கொடுத்திருந்தேன். பரண்ல ஊசி இருக்குன்னு ஆதார்ல எழுதியிருக்குமா? தண்ணியை ஆய்வகத்துல கொடுக்கலாம், சரி. பரணை யார்கிட்ட கொடுக்கறது?

காந்திநகர் பாட்டி:
பெயிண்டர் தம்பி, 2018-ல் அப்படிச் சொன்னது மகளுக்கும் அப்புறம் தெரியும். ஆனா பிள்ளை நக்கினதைக் கண்ணால பார்த்தவளுக்கு 4-னா என்ன, 15-னா என்ன. விருதம்பட்டு அம்மா, உங்க கை இப்போ எப்படி இருக்கு? நாளைக்கு வீடு பார்க்கப் போறோம். டார்ச்சும் நீளக் கைப்பிடி துடைப்பமும் எடுத்து வச்சிருக்கேன்.

விருதம்பட்டு மேல்மாடி:
கை நல்லாயிருக்கும்மா. பரண் மட்டும் பார்த்துட்டு வந்துடாதீங்க. சுவிட்ச் பெட்டிக்குப் பின்னாடி, கக்கூஸ் வென்டிலேட்டர் மேடை, கதவு நிலைக்கு மேலயும் டார்ச் அடிச்சுப் பாருங்க. என் வீட்டுல ரெண்டாவது ஊசி நிலைக்கு மேலதான் கிடந்துச்சு.