ஜப்பான் அரச குடும்பத்துப் பிள்ளைகள்: மாணவர்களா, மாணவர் வேடத்தில் இருக்கும் அரசு ஊழியர்களா?

கரிசல்காட்டான்

2025 செப்டம்பர் 6 அன்று ஜப்பான் இளவரசர் ஹிசாஹிட்டோவுக்கு நடந்த வயதுவந்தோர் சடங்கின் வீடியோவைப் பார்த்தேன். வெளிர் மஞ்சள் அங்கியில் பையன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். கறுப்புத் தலையணியை வைத்து, தாடைக்குக் கீழே வெள்ளைக் கயிறு கட்டி, மிச்சமிருக்கும் நுனிகளைக் கத்தரிக்கிறார்கள். அந்தச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்கிறது. அப்புறம் கறுப்பு அங்கிக்கு மாறி, குதிரை வண்டியில் ஏறி, அரண்மனைக்குள் இருக்கும் சன்னதிகளுக்குப் போகிறார். அன்று அவருக்கு 19-வது பிறந்தநாள். மற்ற நாட்களில், 2025-ல் சுகுபா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த உயிரியல் மாணவர்.

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்த 'சாதாரண மாணவர் வாழ்க்கை' ஒரு நாடகம். வயது வந்தவர் ஆனதும் அவருக்கான ஆண்டுத் தொகை 30.5 லட்சம் யென்னிலிருந்து 91.5 லட்சம் யென்னாக உயர்ந்தது. எல்லாம் மக்கள் வரிப்பணம். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் பரிந்துரை வழியாகத்தான். அதற்கு முன்பே தும்பிகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை, தேசிய அறிவியல் அருங்காட்சியகத்தின் இதழில், இன்னும் இருவரோடு சேர்ந்து எழுதியது. நுழைவுத் தேர்வுக்காகப் பிள்ளைகள் தூக்கத்தைத் தொலைக்கிற நாடு அது. எந்தப் பள்ளி மாணவனுக்கு இந்த வாய்ப்பெல்லாம் கிடைக்கும்? ராஜா வீட்டுக் கன்றுக்குட்டிக்குத்தான் கிடைக்கும்.

ஆம்பல்

அண்ணா, அந்தக் கட்டுரையை நீங்கள் பார்த்தீர்களா, அல்லது அதைப் பற்றிய வசைகளை மட்டும் பார்த்தீர்களா? 2023 நவம்பரில் வந்தது. அகசாகா வளாகத்தில், அதாவது டோக்கியோவின் நட்டநடுவில், அவர்கள் குடும்பம் வசிக்கும் அதே இடத்தில், 38 வகைத் தும்பிகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். சின்ன வயதிலிருந்து வலையும் கையுமாகத் திரிந்த பிள்ளையின் வேலை அது. அந்த வளாகத்துக்குள் நாமெல்லாம் போக முடியாது என்பது உண்மைதான். அதைச் சலுகை என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். போலி என்று சொல்லாதீர்கள்.

சலுகைக் கணக்கு போடும்போது மறுபக்கத்தையும் எழுதுங்கள். அரச குடும்பத்தில் யாருக்கும் ஓட்டு கிடையாது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வர அந்தப் பையனுக்கு வழி கிடையாது. 2019 ஏப்ரலில், அவர் நடுநிலைப் பள்ளியில் சேர்ந்த அதே மாதம், ஓர் ஆள் பள்ளிக்குள் புகுந்து அவருடைய மேசையில் கத்திகளை வைத்துவிட்டுப் போனான். நல்லவேளை, வகுப்பில் அப்போது யாரும் இல்லை. பன்னிரண்டு வயது. இதற்கு எத்தனை லட்சம் யென் போடலாம்?

ஜீரோ_பேலன்ஸ்

கத்தி விஷயம் கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் அதைக் காட்டிப் பரிந்துரைச் சேர்க்கையை மூடாதீர்கள். அவர் டோக்கியோ பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரை வழியாகப் போகப்போகிறார் என்று 2024-ல் வதந்தி வந்ததும் எதிர்ப்பு மனுவில் ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அவ்வளவு பேரும் பொறாமைக்காரர்களா?

ஆம்பல்

வதந்திக்குக் கையெழுத்து. நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

பழைய_தபால்காரர்

இளைஞர்கள் இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். எனக்கு வயது எழுபத்து மூன்று, பழைய கதை ஒன்று சொல்கிறேன்.

இந்தப் பையனின் தாத்தா அகிஹிட்டோ, 2019-ல் தானாகவே பதவியிலிருந்து இறங்கினாரே, அவருக்கும் 1953-ல் இதே 19 வயது. ககுஷூயின் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். ஜூன் 2 அன்று லண்டனில் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழா. அப்பாவின் சார்பில் நீ போ என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது போல விமானத்தில் போய் மூன்றாம் நாள் திரும்புகிற காலம் இல்லை. மார்ச் கடைசியில் யோகோஹாமாவில் கப்பலேறியவர், ஐரோப்பா, வட அமெரிக்கா எல்லாம் சுற்றிவிட்டு அக்டோபரில்தான் வந்து சேர்ந்தார். போரில் தோற்ற நாட்டின் இளவரசர், எதிரிகளாக இருந்த நாடுகளுக்கே போய் முகம் காட்டிவிட்டு வந்தது சின்ன வேலை இல்லை.

திரும்பி வந்தால் வருகைப்பதிவு போதவில்லை. மேல் வகுப்புக்கு அனுப்ப முடியாது என்றது பல்கலைக்கழகம். முறையான மாணவராகத் தொடராமல், வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்பவராக மட்டும் 1956 வரை இருந்து முடித்தார். பட்டம் கிடையாது. நம் ஊர்க் கல்லூரியாக இருந்தால் கண்டொனேஷன் கட்டி ஹால் டிக்கெட் வாங்கியிருப்பார். அங்கே பட்டத்து இளவரசருக்கே அந்தச் சலுகை கிடைக்கவில்லை. கரிசல்காட்டான் தம்பி, இதை உங்கள் நாடகக் கணக்கில் எங்கே எழுதுவீர்கள்?

ஜீரோ_பேலன்ஸ்

ஐயா, அருமையான கதை. ஆனால் நீங்கள் என் பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள். பட்டம் இல்லாமலே அவர் பேரரசர் ஆனார் அல்லவா? அவர்களுக்குப் படிப்பு ஓர் அலங்காரம் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எடுக்கிற ஆராய்ச்சிகளையும் பாருங்கள். தாத்தா உளுவை மீன். சித்தப்பாவோ பெரியப்பாவோ, இப்போதைய பேரரசர் நருஹிட்டோ, ஆக்ஸ்போர்டில் தேம்ஸ் நதியின் படகுப் போக்குவரத்து. அப்பா அகிஷினோ, கோழி. மகன், தும்பி. ஒருத்தராவது அரசியல் பக்கம் போனாரா?

பழைய_தபால்காரர்

பெரியப்பா. நருஹிட்டோதான் மூத்தவர்.

அப்புறம், அகிஹிட்டோ சேர்ந்ததே அரசியல் துறைதான் தம்பி. அகிஷினோவும் ககுஷூயினில் அரசியல் படித்தவர்தான். பிறகுதான் கோழிக்குப் போய் முனைவர் பட்டம் வாங்கினார்.

ஜீரோ_பேலன்ஸ்

அட! இது எனக்குத் தெரியாது. சரி, அந்த வரியை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் இரண்டு பேரும் மீனுக்கும் கோழிக்கும் தாவியதற்குக் காரணம் என்ன என்று கேட்பேன்.

ஆம்பல்

காரணம் அரசியல் சாசனத்தில் இருக்கிறது. 1947-ல் நடைமுறைக்கு வந்த சாசனத்தின் முதல் பிரிவு பேரரசரை நாட்டின் அடையாளம் என்கிறது. ஆட்சி அதிகாரம் எதுவும் கிடையாது என்கிறது 4-ஆம் பிரிவு. அந்தக் குடும்பத்தில் பிறந்தவர் தொழிலாளர் சட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினால், மறுநாள் இரண்டு கட்சிகளும் அதைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிடும். உளுவை மீன் யாருக்கும் ஓட்டுக் கேட்காது.

இலக்கியத்தில் கொஞ்சம் மூச்சுவிட இடம் உண்டு. பேரரசரின் மகள் ஐகோ ககுஷூயினில் ஜப்பானிய இலக்கியம் படித்தார். 2020-ல் சேர்ந்தவர், கொரோனாவால் முதல் மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் கணினித் திரை வழியாகத்தான் பாடம் கேட்டார். தினமும் வகுப்புக்குப் போனது கடைசி ஓராண்டுதான். 2024 மார்ச்சில் பட்டம். அவருடைய பட்ட ஆய்வு ஷிகிஷி இளவரசியின் கவிதைகள்.

இந்த ஷிகிஷி யார் என்று தெரிந்தால் இந்த இழையில் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். பன்னிரண்டாம் நூற்றாண்டுக்காரர், பேரரசரின் மகள். சின்ன வயதிலேயே கியோட்டோவில் காமோ ஆலயத்துக்குப் பணி செய்ய அனுப்பப்பட்டு, பத்தாண்டு அங்கே இருந்து, உடம்பு முடியாமல் விலகியவர். கல்யாணம் ஆகவில்லை. அவருடைய ஒரு கவிதையை ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள்கூட மனப்பாடமாகச் சொல்வார்கள். சாரம் இதுதான்: உயிர் என்னும் இழையே, அறுந்துபோவதானால் இப்போதே அறுந்துபோ, இன்னும் வாழ்ந்தால் மனதில் இருப்பதை மறைத்துவைக்கும் வலு எனக்குத் தேய்ந்துவிடும்.

பொதுக் கடமையிலேயே இளமையைக் கழித்த ஓர் இளவரசியை, எண்ணூறு ஆண்டுக்குப் பிறகு இன்னோர் இளவரசி உட்கார்ந்து படிக்கிறார். இதையும் அலங்காரம் என்பீர்களா?

கரிசல்காட்டான்

நல்லா எழுதுகிறீர்கள் தங்கச்சி, அதற்காக ஒரு லைக். ஆனால் ஐகோ பட்டம் வாங்கியதும் எங்கே வேலைக்குப் போனார் என்பதை ஏன் விட்டீர்கள்? 2024 ஏப்ரலில் ஜப்பான் செஞ்சிலுவைச் சங்கம். அதன் கௌரவத் தலைவர் யார்? அவருடைய அம்மா, பேரரசி மசாக்கோ. நேர்முகத் தேர்வில் என்ன கேட்டிருப்பார்கள், 'அம்மா சௌக்கியமா?' என்றா?

ஆம்பல்

சிரித்துவிட்டேன். ஆனால் கௌரவத் தலைவர் பதவி மரபாகப் பேரரசிக்கு வருவது. ஐகோ சேர்ந்திருப்பது ஒப்பந்த ஊழியராக, தன்னார்வலர்களைக் கவனிக்கும் பிரிவில். பெரும்பாலான வேலைநாட்களில் அலுவலகம் போய்விட்டு, இடையில் பொது நிகழ்ச்சி. 2024 அக்டோபரில் சாகா மாகாணத்துக்கு, விளையாட்டு விழாவுக்குத் தனியாகப் போன முதல் பயணம். 2025 மே மாதம் நிலநடுக்கம் கண்ட நோட்டோ பகுதிக்குப் போனார். முந்தைய செப்டம்பரிலேயே போக இருந்தது, பெருமழை வெள்ளத்தால் தள்ளிப்போனது. அங்கே தன்னார்வலர்களாக வேலை பார்த்த மாணவர்களைச் சந்தித்துப் பேசினார். செஞ்சிலுவை மேசையில் தினமும் பார்க்கிற வேலையோடு சேர்ந்த சந்திப்பு அது. நவம்பரில் லாவோஸ், முதல் அதிகாரப்பூர்வ வெளிநாட்டுப் பயணம்.

சுகுபா_சைக்கிள்

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே ரொம்ப நாளாச்சு. நான் சுகுபாவில் ஆராய்ச்சி வேலையில் இருக்கிறேன். இளவரசரைப் பார்த்தாயா என்று ஊரிலிருந்து எல்லோரும் கேட்கிறார்கள். பார்க்கவில்லை. பார்த்தாலும் அடையாளம் தெரியுமா என்பது சந்தேகம்தான்.

நீங்கள் நினைப்பது போல இது டோக்கியோ நடுவில் பணக்காரப் பிள்ளைகள் கூடும் இடம் இல்லை. டோக்கியோவின் அகிஹபாராவிலிருந்து வேக ரயிலில் முக்கால் மணி நேரம். வளாகம் 250 ஹெக்டேருக்கும் மேல். ஒரு வகுப்பு முடிந்து அடுத்ததற்குப் போக சைக்கிள் இல்லாவிட்டால் திண்டாட்டம். இடைவேளையில் வளாகத்துச் சாலைகளில் நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் ஒரே திசையில் போகும். மழை நாளில் ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டு ஓட்டுவார்கள் (சட்டப்படி தப்பு, எல்லோருக்கும் தெரியும்). அதற்குள் ஒரு மெலிந்த பையனுக்குப் பின்னால் காவலர்கள் எப்படிப் போவார்கள் என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

பரிந்துரைச் சேர்க்கை பற்றி: அது அவருக்காகப் புதிதாகத் திறந்த வாசல் இல்லை. இங்கே ஒவ்வொரு வருஷமும் அந்த வழியில் நிறையப் பேர் வருகிறார்கள். ஆனால் கரிசல்காட்டான் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அருங்காட்சியக ஆய்வாளரோடு சேர்ந்து வேலை செய்யும் வாய்ப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைப்பதில்லை. வாசல் எல்லோருக்கும் பொது. வாசல்வரை வரும் பாதைதான் வேறு.

கரிசல்காட்டான்

இதைத்தானே முதல் பதிவிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன்! சரி, நீங்கள் சொன்ன விதம் என்னுடையதைவிட நிதானமாக இருக்கிறது.

பழைய_தபால்காரர்

தம்பி, காவலர் பற்றிக் கேட்டீர்கள். நருஹிட்டோ 1983 முதல் 1985 வரை ஆக்ஸ்போர்டில் இருந்தபோது லண்டன் போலீஸ்காரர் கூடவே தங்கியிருந்தார். ஆனாலும் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் துணியைத் தானே துவைத்தது அங்கேதான். இயந்திரத்தில் துணிகளை அடைத்துப் போட்டுவிட்டு வந்து பார்த்தால் தரையெல்லாம் நுரை. பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். அந்த இரண்டு வருஷத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவருக்கு முகம் மலரும். அதனால்தான் சொல்கிறேன், இந்தப் பையனையும் படிப்பு முடியும்வரை விட்டுவிடட்டும். பிறந்தநாள், திருவிழா, தோட்ட விருந்து என்று இழுக்க வேண்டாம்.

ஜீரோ_பேலன்ஸ்

விட முடியாது ஐயா. ஆளே இல்லை. அரச குடும்பத்தில் மொத்தம் 16 பேர். வாரிசு வரிசையில் மூன்றே பேர்: அப்பா அகிஷினோ, இந்தப் பையன், 1935-ல் பிறந்த ஹிட்டாச்சி இளவரசர். இளவரசிகள் வெளியாளைக் கல்யாணம் செய்தால் அரச குடும்பச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி குடும்பத்திலிருந்தே விலக வேண்டும். அக்கா மாகோ 2021-ல் அப்படித்தான் போனார். பத்திரிகைகள் நான்கு வருஷம் அவரைக் கிழித்த கிழியில் மன அழுத்த நோய் வந்து, பத்துக் கோடி யென்னுக்கு மேல் வரவேண்டிய தொகையையும் வேண்டாம் என்றுவிட்டு நியூயார்க் போனார்.

அதனால் என் வாதத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். மாணவனை வேலைக்கு இழுப்பது அரண்மனையின் பேராசை இல்லை, சட்டம் செய்த ஆள் பற்றாக்குறை. பெண்களை வாசலில் நிறுத்திவிட்டு, இருக்கிற ஒரே பையனிடம் எல்லாப் பாரத்தையும் ஏற்றினால் அவன் எப்போது படிப்பான்?

ஆம்பல்

கடைசியில் நாம் இருவரும் ஒரே பேருந்தில் ஏறிவிட்டோம் போலிருக்கிறது! 2024-ல் கியோடோ செய்தி நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் பெண் பேரரசருக்கு ஆதரவு 90 சதவீதம். அதே ஆண்டு ஐ.நா. பெண்கள் உரிமைக் குழு வாரிசுச் சட்டத்தைத் திருத்தச் சொன்னபோது ஜப்பான் அரசு கோபித்துக்கொண்டு, தன் நிதியை அந்தக் குழுவுக்குச் செலவழிக்காதே என்றது. மக்கள் ஒரு பக்கம், நாடாளுமன்றம் இன்னொரு பக்கம்.

கரிசல்காட்டான்

பேருந்தில் எனக்கும் இடம் போடுங்கள், ஆனால் டிக்கெட் காசு பற்றிக் கேட்டுக்கொண்டேதான் வருவேன். 91.5 லட்சத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

ஆம்பல்

சொல்கிறேன். இளைய அக்கா காகோவுக்கும் அதே 91.5 லட்சம்தான். ககுஷூயினைப் பாதியில் விட்டுவிட்டு, வேறு பல்கலைக்கழகத்தில் முதலிலிருந்து தொடங்கிப் படித்து 2019-ல் முடித்தவர். இப்போது காது கேளாதோர் கூட்டமைப்பில் வேலை. 2023-ல் பெரு, 2024-ல் கிரீஸ், 2025-ல் பிரேசில் போய்வந்தார். கிரீஸுக்குப் போனபோது அந்த நாட்டுச் சைகை மொழியிலும் பேசினார். நாளைக்குக் கல்யாணம் என்றால் இதெல்லாம் அன்றோடு சரி. தம்பி இன்னும் மாணவர்தான். தொகை இருவருக்கும் ஒன்று.

கரிசல்காட்டான்

அப்படியானால் யாருக்குக் கூடுதல், யாருக்குக் குறைவு என்கிறீர்கள்?

சுகுபா_சைக்கிள்

அந்தக் கணக்கை அப்புறம் போடுங்கள். இங்கே மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது, காலையில் எனக்கு ஆய்வகம் இருக்கிறது. ஆம்பல், அந்தத் தும்பிக் கட்டுரை இணையத்தில் கிடைத்தால் இணைப்பைப் போட்டு வையுங்கள்.