போயிங்கில இருந்து பென்ரகனுக்கு: மகன்ர விவாதத்துக்கு உதவி வேணும்

கோண்டாவில் அம்மா:
மகனுக்கு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில விவாதம். போயிங்கில இருந்து அமெரிக்கப் பிரதிப் பாதுகாப்புச் செயலாளராப் போன பற்றிக் ஷனஹானை வைச்சு, ஆயுதம் விக்கிற கம்பனிக்காரர் அந்தப் பதவிக்கு வரலாமோ எண்டு தலைப்பு. இவன் ‘வரலாம்’ பக்கம். எனக்கெண்டால் கள்ளனிட்டைத் திறப்பைக் குடுத்த மாதிரிக் கிடக்கு. ஆராவது விளங்கப்படுத்துவியளோ?

கொக்குவிலான்:
அக்கா, மனுசன் போயிங்கில 30 வருசம். 787 விமானம் இழுபட்டுக்கொண்டிருந்த நேரம், 2007இல, அவரிட்டைத்தான் பொறுப்பைக் குடுத்தவை. வேலை தெரிஞ்சவரை விட்டிட்டு வேறை ஆரை எடுக்கிறது? 2017 யூலையில அமெரிக்கச் செனற் சபை 92க்கு 7 எண்டு அவரின்ர நியமனத்தை ஒத்துக்கொண்டது.

களஞ்சியக்காரர்:
தம்பி சொல்லுறது அரைவாசி சரி. நான் 27 வருசம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில களஞ்சியப் பொறுப்பா இருந்தனான். எங்களுக்கு அரிசி தந்த மில்காரர் ஒருத்தர் நிர்வாக சபைக்கு வந்தார். நல்ல மனுசன். அரிசிக்குக் கேள்விப்பத்திரம் திறக்கிற நாளெண்டால் தானா எழும்பிப் போய் வேப்பமரத்துக்குக் கீழ நிப்பார். ஒரு சொல் சொன்னதில்லை. ஆனா உள்ளுக்கிருந்த நாங்கள் யன்னலால அவரைத்தானே பாத்துக்கொண்டிருந்தனாங்கள்! மற்ற மில்காரர் ரெண்டுபேர் அடுத்த வருசம் விலையே போடேல்லை.

ஷனஹானுக்கும் ஒரு வேப்பமரம் இருந்தது. போயிங் விசயம் ஒண்டையும் தொடமாட்டன் எண்டு கையெழுத்து வைச்சவர். எண்டாலும் போயிங்கோட போட்டி போடுற லொக்ஹீட் கம்பனியின்ர எஃப்-35 போர் விமானத்தைப் பழிச்சு, போயிங்குக்குச் சாய்ஞ்சு கதைக்கிறார் எண்டு முறைப்பாடு வந்தது. 2019 ஏப்ரலில, அவர் பதில் செயலாளரா இருக்கேக்கை, விசாரிச்ச பாதுகாப்புத் திணைக்களப் பரிசோதகர் பிழையில்லை எண்டு எழுதினார். எங்கட மில்காரரிலையும்தான் பிழையில்லை.

இன்னொண்டு. போர் விமானம், எண்ணெய் நிரப்புற விமானம், ஹெலி, செய்மதி எல்லாம் போயிங் விக்குது. இவ்வளவிலையும் கை வைக்கேலாத ஆளுக்கு எந்தப் பைல் போகலாம், எது போகக்கூடாது எண்டு பிரிக்கவே ஆள் வேணும்.

கோண்டாவில் அம்மா:
ஐயா, இதை வாசிச்சால் அவன் பக்கம் மாறப்போறன் எண்டு நிப்பான்.

களஞ்சியக்காரர்:
மாற வேண்டாம் பிள்ளை. டார்லீன் டிரூயனின்ர கதையைச் சொல்லச் சொல்லுங்கோ. அவ வியாபாரி இல்லை, விமானப்படைக்குக் கொள்வனவு செய்த பெரிய அதிகாரி. கதிரையில இருந்துகொண்டே போயிங்கில தனக்கு வேலை பேசினவ. 2004இல 9 மாதம் மறியல் தீர்த்தவை. அப்ப, அரசாங்கத்துக்குள்ளயே வளந்த ஆக்கள் மட்டும் திறமோ எண்டு கேக்கட்டும். எதிர்ப்பக்கம் “அப்ப ரெண்டு கதவையும் பூட்டுவம்” எண்டு வரும். அதுக்கு மறுமொழி என்னட்டை இல்லை, அவன்தான் யோசிக்கோணும்.

வெள்ளி எத்தினை மணிக்கு?