தாய்லாந்தில் நிலம் வாங்க அனுப்பும் பணத்தை வங்கி நிறுத்தி வைத்திருக்கிறது. என்ன செய்யலாம்?

கே.ஆர்.புரம்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் வேலூர்ப் பக்கம், பெங்களூருக்கு வந்து பல வருடம் ஆகிறது. எனக்கு வயது 51, வீட்டம்மாவுக்கு 48. பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்து கோவையில் இருக்கிறாள். வேலையை விட்டதும் தாய்லாந்தில் ஹுவா ஹின் பக்கம் போய்த் தங்கிவிடலாம் என்று இரண்டு பேருமே ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். கடல், தேங்காய், மீன், நம்ம ஊர் வெயில் எல்லாம் அங்கே உண்டு. பெங்களூர் டின் ஃபேக்டரி சிக்னல் நெரிசல் மட்டும் கிடையாது.

பிரான்புரி அருகே ஒரு ராய் (அந்த ஊர் நில அளவு) நிலம் பார்த்திருக்கிறோம். 18 லட்சம் பாட், நம் பணத்தில் ஏறக்குறைய 50 லட்சம். வெளிநாட்டுக்காரர் பெயரில் நிலம் பதிவாகாது, அதனால் ஒரு கம்பெனி ஆரம்பித்து 49 சதவீதம் உங்கள் பெயரிலும் 51 சதவீதம் உள்ளூர்க்காரர்கள் இரண்டு பேர் பெயரிலும் போட்டுக் கம்பெனிக்கு வாங்கிவிடலாம் என்கிறார் புரோக்கர். அந்த இருவரிடமும் பங்கு மாற்றும் படிவத்தில் தேதி போடாமலே கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுவாராம்.

முன்பணம் 12 லட்சம் அனுப்ப வங்கிக்குப் போனேன். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கொடுக்கும் ஏ2 படிவத்தில் வெளிநாட்டில் சொத்து வாங்க என்று எழுதினேன். "பணம் போகிற கணக்கு ஏதோ கம்பெனி பெயரில் இருக்கிறதே, ஒப்பந்தத்தைக் கொண்டு வாருங்கள்" என்று நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் கிணற்றில் போட்ட கல்தான். புரோக்கரைக் கேட்டால் குடும்பச் செலவுக்கு என்று மாற்றி எழுதி, மூன்று நான்கு தடவையாகப் பிரித்து அனுப்பச் சொல்கிறார்.

எப்படி எழுதினால் பணம் போகும்? அனுப்பும்போதே வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரி பிடிக்கும் என்கிறார்களே, அது போனது போனதுதானா? மீதிப் பணத்துக்கு இங்கே ஒரு சைட்டை (வீட்டு மனையை) விற்கப் போகிறேன், அந்த லாபத்தை அங்கே வீடு கட்டப் போட்டால் வரி கிடையாதா? இன்னொன்று, நிலப் பத்திரத்தின் நகலில் பச்சை நிறத்தில் கருடன் முத்திரை இருக்கிறது, தேதி 2547 என்று இருக்கிறது. அச்சுப் பிழையா, போலியா?

அல்சூர் ஆடிட்டர்:

சார், வங்கியைத் திட்டாதீர்கள். இதில் தன் வேலையைச் சரியாகப் பார்த்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

உங்கள் பெயரில் வெளிநாட்டில் சொத்து வாங்குவது, தனிநபர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்ஆர்எஸ் திட்டத்தில் அனுமதிக்கப்பட்ட விஷயம். ஒரு நிதியாண்டுக்கு ஒருவர் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். உங்களுக்கு அதில் கால்வாசிகூட வேண்டாம். ஆனால் நீங்கள் சொல்கிற ஏற்பாட்டில் சொத்து வாங்குவது கம்பெனி, நீங்கள் வாங்குவது வெறும் பங்கு. அது வெளிநாட்டு நேரடி முதலீடு. அதற்குப் படிவம் வேறு, தனி அடையாள எண் வேண்டும், வருடா வருடம் அறிக்கை கொடுக்க வேண்டும். நிலம் வாங்கி விற்பதைத் தொழிலாக வைத்திருக்கும் வெளிநாட்டுக் கம்பெனியில் நாம் நேரடி முதலீடு செய்யவே 2022ஆம் வருட விதிகளில் இடமில்லை. நிலத்தைத் தவிர வேறு எதுவுமே இல்லாத கம்பெனி என்றால் எந்த வங்கியும் நூறு கேள்வி கேட்கத்தான் செய்யும்.

குடும்பச் செலவு என்று எழுதுவது பொய் உறுதிமொழி. அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவில் மாட்டினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம். பிரித்து அனுப்பியும் பயனில்லை, எல்லா வங்கியிலும் போனதை உங்கள் பான் எண்ணில் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

டிசிஎஸ் எங்கும் போய்விடாது. ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் போகிற தொகைக்குத்தான் 20 சதவீதம். 12 லட்சத்துக்கு 40,000, முழு 50 லட்சத்துக்கு 8 லட்சம். ரிட்டர்னில் வரியோடு கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்ப வரும். சம்பளக்காரர் என்றால் அலுவலகத்தில் சொல்லி மாதாமாதம் பிடிக்கும் டிடிஎஸ்ஸைக் குறைத்துக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் அதுவரை 8 லட்சம் முடங்கும், அதற்குத் தனியாகப் பணம் ஒதுக்கி வையுங்கள்.

சைட் விஷயத்தில்தான் உங்களுக்குப் பெரிய அடி. விற்ற லாபத்தில் வீடு வாங்கினால் வரி விலக்கு என்பது இந்தியாவில் இருக்கும் வீட்டுக்கு மட்டும். வெளிநாட்டு வீட்டுக்கும் கிடைக்கும் என்று முன்பு வழக்காடியவர்கள் உண்டு, 2014 பட்ஜெட்டில் சட்டத்தைத் திருத்தி அந்தக் கதவை மூடிவிட்டார்கள். லாபத்துக்கு 12.5 சதவீதம் கட்ட வேண்டும். 2024 ஜூலை 23க்கு முன்னால் வாங்கிய சைட் என்றால் விலைவாசிக் குறியீட்டோடு 20 சதவீதம் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். அந்த சைட் ஏ காத்தாவா, பி காத்தாவா? பி என்றால், அதாவது மாநகராட்சிப் பதிவேட்டில் முழுமையாக முறைப்படுத்தப்படாத மனை என்றால், உங்கள் விலைக் கணக்கையே மறுபடி போடுங்கள்.

வைட்ஃபீல்ட் திரும்பியவன்:

பாங்காக்கில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவன் நான். தாய்லாந்துப் பக்கத்தை நான் சொல்கிறேன் அண்ணா.

முதலில் கருடன். அவர்களுடைய அரசு முத்திரையே கருடன்தான், அதனால் பத்திரத்தில் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. நிறத்தைப் பாருங்கள். சிவப்புக் கருடன் என்றால் சனோட், அதாவது முழு உரிமைப் பத்திரம், எல்லைக் கல் நட்டு அளந்தது. பச்சை என்றால் நோர் சோர் 3 கோர், ஒரு படி கீழே. விமானப் படத்தை வைத்து எல்லை குறித்தது, விற்கலாம், பெரும்பாலும் சனோட்டாக மாற்றிக்கொள்ளவும் முடியும். கறுப்பு இன்னும் கீழே, விற்க 30 நாள் பொது அறிவிப்பு போட வேண்டும். சோர் போர் கோர் என்று சொல்லி ஏதாவது காட்டினால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள், அது ஏழை விவசாயிகளுக்கு அரசு கொடுத்த நிலம், விலைக்கு விற்க முடியாது. 2547 என்பது புத்த ஆண்டு. 543 கழித்தால் 2004. பிழை இல்லை.

பத்திரத்தின் பின்பக்கம்தான் நம்ம ஊர் வில்லங்கச் சான்று. அடமானம், குத்தகை, கைமாறியது எல்லாம் அங்கே வரிசையாகப் பதிந்திருக்கும். புரோக்கர் முன்பக்கத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பின்பக்கத்தைக் கேளுங்கள். பிறகு அந்த மாவட்ட நில அலுவலகத்துக்கு நீங்களே அமர்த்திய வக்கீலை அனுப்பி, அங்கே இருக்கும் அசல் பிரதியோடு ஒப்பிடச் சொல்லுங்கள். புரோக்கர் காட்டும் வக்கீல் வேண்டவே வேண்டாம்.

ஒரு ராய் 1,600 சதுர மீட்டர், நம் கணக்கில் 39 சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். பெங்களூர்க் கணக்கில் 30க்கு 40 சைட் பதினான்கு. இரண்டு பேருக்கு எதற்கு அவ்வளவு? புல் வெட்டியே ஓய்வுகாலம் முடிந்துவிடும்.

இப்போது கம்பெனி. பணம் போடாமல் பெயரை மட்டும் கொடுக்கும் உள்ளூர்ப் பங்குதாரர் என்பது அங்கே குற்றம். 1999ஆம் வருட வெளிநாட்டவர் தொழில் சட்டத்தில் மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சம் பாட் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். நிலத்தை விற்கச் சொல்லியும் உத்தரவு வரும். தேதி போடாத கையெழுத்து உங்களுக்குப் பாதுகாப்பு என்கிறார் புரோக்கர். விசாரணை என்று வந்தால் அதுதான் உங்களுக்கு எதிரான முதல் சாட்சி.

பனசங்கரி பஸ்:

எல்லோரும் ரொம்பத்தான் பயமுறுத்துகிறீர்கள். என் சகலை சமூய் தீவில் இதே மாதிரிக் கம்பெனியில் வில்லா வைத்திருக்கிறார், ஒரு பிரச்சினையும் இல்லை. அங்கே பாதி வெள்ளைக்காரர்கள் இப்படித்தான் வாங்கியிருக்கிறார்கள்.

வைட்ஃபீல்ட் திரும்பியவன்:

உங்கள் சகலை நன்றாக இருக்கட்டும். சமீப வருடங்களில் சமூய், புக்கெட் பக்கம்தான் இந்தக் கம்பெனிகளைத் தேடித் தேடி விசாரிக்கிறார்கள். உள்ளூர்ப் பங்குதாரருக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் முதல் கேள்வி. விற்கும்போது அதே ஓட்டையைச் சொல்லித்தான் வாங்குகிறவன் விலையை அடிப்பான், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கே.ஆர்.புரம்வாசி:

நன்றி. கம்பெனி வேண்டாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. வீட்டம்மா ஆரம்பத்திலிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், இப்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. புரோக்கரிடம் சொன்னால் "அப்படியானால் 30 வருட லீஸ் போடலாம், இரண்டு தடவை புதுப்பிக்கலாம், மொத்தம் 90 வருடம்" என்கிறார். இது சரிப்படுமா? நாங்கள் இல்லாத காலத்தில் பெண்ணுக்குப் போகுமா? சைட் விற்கத் தாமதமானால் இங்கே இருக்கும் ஃபிளாட் மேல் டாப்அப் லோன் எடுத்து அனுப்பலாமா?

வைட்ஃபீல்ட் திரும்பியவன்:

லீஸ் சட்டப்படி சரி. ஆனால் 90 என்பது கதை, உறுதியானது 30 மட்டும்தான். புதுப்பித்துத் தருகிறேன் என்பது நில உரிமையாளர் கொடுக்கும் வாக்கு. அவர் நிலத்தை விற்றுவிட்டால், பதிவான 30 வருடம் புது உரிமையாளரையும் கட்டுப்படுத்தும், புதுப்பிக்கும் வாக்கு கட்டுப்படுத்தாது. 30க்கு ஏற்ற விலையைக் கொடுங்கள், 90க்குக் கொடுக்காதீர்கள். 18 லட்சம் பாட் நிலத்தின் முழு விலை, அதையே லீஸுக்கும் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்று வருடத்துக்கு மேற்பட்ட லீஸை நில அலுவலகத்தில் பதிய வேண்டும். பதிவுக் கட்டணமும் முத்திரைத் தீர்வையும் சேர்த்து மொத்த வாடகையில் 1.1 சதவீதம். பதியாத லீஸ் மூன்று வருடத்துக்குமேல் செல்லாது. இன்னொரு முக்கியமான விஷயம், குத்தகைக்காரர் இறந்தால் லீஸும் அதோடு முடிந்துவிடும் என்பதுதான் அங்கே நடைமுறை. வாரிசுக்குத் தொடரும் என்ற வரியை ஒப்பந்தத்தில் எழுத வைப்பதோடு நிற்காமல், உங்கள் பெயர், அண்ணி பெயர், பெண் பெயர் மூன்றையும் குத்தகைக்காரர்களாகப் போடுங்கள். வீட்டை மட்டும் உங்கள் பெயரில் வைத்துக்கொள்ளலாம், கட்டட அனுமதியை உங்கள் பெயரில் வாங்க வேண்டும்.

நிலம்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால், கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் முழு உரிமையோடு ஃபிளாட் வாங்கலாம். அதற்குப் பணத்தை வெளிநாட்டுப் பணமாகவே அனுப்பி, அங்கே போய்த்தான் பாட்டாக மாற்ற வேண்டும். மாற்றியதற்கு அங்குள்ள வங்கி தரும் சான்று இல்லாமல் பதிவு நடக்காது.

அல்சூர் ஆடிட்டர்:

லோன் எடுத்து அனுப்பும் யோசனையை விடுங்கள். எல்ஆர்எஸ்ஸில் இந்த மாதிரி மூலதனப் பணம் அனுப்புவதற்கு வங்கி கடன் கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட லீஸும் சொத்து வாங்கியதாகவே கணக்கு, அதனால் எல்ஆர்எஸ்ஸில் தாராளமாகப் போகும். மேடம் பெயரையும் சேர்த்தால் அவர் பான் எண்ணில் தனியாக 10 லட்சம் டிசிஎஸ் இல்லாமல் போகும். உரிமையில் பெயர் இல்லாதவர் வரம்பைக் கடன் வாங்கி அனுப்ப முடியாது, அதனால் ஒப்பந்தத்தில் பெயர் இருக்கட்டும். பதிவு செய்யப்போகும் லீஸ் ஒப்பந்தத்தை ஏ2 படிவத்தோடு கொடுத்து, பணத்தை நில உரிமையாளர் கணக்குக்கே நேராக அனுப்புங்கள். வங்கி மறுக்கக் காரணம் இருக்காது.

மல்லேஸ்வரம் மாமி:

இவ்வளவு நேரம் பத்திரத்தையே பேசுகிறீர்களே, விசாவை யாரும் பேசவில்லையே. நிலம், லீஸ், ஃபிளாட் எது இருந்தாலும் அதனால் அங்கே தங்கும் உரிமை வந்துவிடாது. 50 வயது முடிந்தவர்களுக்கான ஓய்வுகால விசாவுக்கு அங்குள்ள வங்கியில் 8 லட்சம் பாட் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். உங்களுக்கு 51, சரி. வீட்டம்மா உங்களைச் சார்ந்தவராக வரலாம். 90 நாளுக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்துக்கு முகவரி சொல்ல வேண்டும். இந்த 8 லட்சத்தை நிலத்தில் போட்டுவிட்டு அப்புறம் முழிக்காதீர்கள்.

இன்னொன்று. ஹுவா ஹின்னில் கனமழை அக்டோபர் பக்கம். நீங்கள் எந்த மாதத்தில் போய்ப் பார்த்தீர்களோ தெரியாது. ஒரு மழைக்காலம் அங்கே வாடகைக்கு இருந்து, அந்த நிலத்தில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இலங்கைக்குப் போகலாமே என்று யாராவது கிளம்பினால், அங்கேயும் 2014 சட்டப்படி வெளிநாட்டவருக்கு நிலம் கிடையாது.

கே.ஆர்.புரம்வாசி:

மாமி, பிப்ரவரியில் போய்ப் பார்த்தோம். ஒரு சொட்டு மழை இல்லை.

வங்கியில் கொடுத்த விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன். அக்டோபரில் வாடகை வீடு பார்க்கப் போகிறோம். லீஸ் என்றால் என்ன விலை என்று கேட்டதற்குப் புரோக்கரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. கடைசியாக ஒன்று, விசாவுக்கான 8 லட்சம் பாட்டும் எல்ஆர்எஸ் கணக்கில் வருமா?

அல்சூர் ஆடிட்டர்:

வரும். வெளிநாட்டு வங்கியில் கணக்கு வைப்பதும் எல்ஆர்எஸ்தான், டிசிஎஸ்ஸும் அதே மாதிரிதான். முடிந்தால் விசாப் பணத்தை மார்ச்சிலும் லீஸ் பணத்தை ஏப்ரலிலும் அனுப்புங்கள், இரண்டு நிதியாண்டிலும் 10 லட்சம் கழிவு கிடைக்கும். கணக்கு ஆரம்பித்த வருடத்திலிருந்தே ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்ப வேண்டும். அதில் ஜனவரி முதல் டிசம்பர் வரைதான் கணக்கு, நம் ஏப்ரல் மார்ச் இல்லை. சாதாரணச் சம்பளக்காரர் போடும் ஐடிஆர் 1 படிவத்தைப் போட முடியாது. வட்டி ஒரு ரூபாய் வந்தாலும் காட்டுங்கள். காட்டாமல் விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் வரை அபராதம் போடலாம். லீஸ் ஒப்பந்தத்தின் வரைவு வந்ததும் கையெழுத்துப் போடும் முன் இங்கே சொல்லுங்கள்.